கால்பந்து கிளப்பின் கணக்கு வழக்கு: வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பியக் கால்பந்து கிளப்கள் எப்படி நடத்தப்படுகின்றன, அதில் ரசிகர்களுக்கு என்ன பங்கு என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை இங்கிலாந்தைப் பற்றியவை. தொகைகளைக் கோடியில் தந்திருக்கிறோம்: 1 கோடி பவுண்டு என்றால் 10 மில்லியன் பவுண்டு.

கேள்வி: செல்சி தன் அகாடமியில் (இளம் வீரர் பயிற்சிக்கூடத்தில்) வளர்ந்த மேசன் மவுன்ட்டை விற்றது, கானர் கேலகரை விற்றது. பிறகு வெளியிலிருந்து அதைவிடக் கூடுதல் விலைக்கு ஆள் எடுக்கிறது. இருந்த பையன்களையே வைத்துக்கொண்டிருக்கலாமே? (மதுரை வாசகர்)

பதில்: வைத்துக்கொள்வது ஆட்டத்துக்கு நல்லது, விற்பது கணக்குக்கு நல்லது. விதிகள் அப்படி அமைந்திருக்கின்றன.

ஒரு வீரரை வாங்கக் கொடுக்கும் தொகையை அந்த வருடமே முழுச் செலவாக எழுத மாட்டார்கள். ஒப்பந்தம் எத்தனை வருடமோ அத்தனை பங்காகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பங்கு எழுதுவார்கள். 5 கோடி பவுண்டுக்கு வாங்கியவருக்கு 5 வருட ஒப்பந்தம் என்றால் வருடச் செலவு 1 கோடி, சம்பளம் தனி. மூன்று வருடம் கழிந்தால் கணக்கில் அவருடைய மதிப்பு 2 கோடி. அப்போது 3 கோடிக்கு விற்றால் 1 கோடி லாபம். ஒன்றரைக் கோடிக்கு விற்றால் 50 லட்சம் நஷ்டம். “5 கோடிக்கு வாங்கி 3 கோடிக்குத் தள்ளிவிட்டார்கள்” என்று ரசிகர்கள் கொதிக்கும் விற்பனை பல சமயம் கணக்கில் லாபமாக நிற்பது இதனால்தான்.

அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலையே கிடையாது. கணக்கு மதிப்பு பூஜ்யம். 4 கோடிக்கு விற்றால் 4 கோடியும் அந்த வருட லாபம். அந்த லாபத்தை முன்னால் வைத்து, 5 வருட ஒப்பந்தங்களில் மொத்தம் 20 கோடிக்குப் புது ஆட்களை எடுக்கலாம். அந்த வருடக் கணக்கில் அவர்களுக்கு ஏறுவது 4 கோடியும் சம்பளமும் மட்டும். மவுன்ட் 2023இல் 5.5 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனதன் பின்னணி இந்தக் கணக்குதான்.

செல்சி இன்னொரு பக்கமும் இழுத்துப் பார்த்தது. 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடிக்கு வாங்கி எட்டரை வருட ஒப்பந்தம் போட்டது. ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 2.1 கோடிக்கு மேல் வரும். எட்டரைக்குப் பிரித்ததில் 1.26 கோடிதான். அந்தக் கோடையிலேயே ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூயெஃபா, எத்தனை வருட ஒப்பந்தமானாலும் 5 வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று விதி போட்டது. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் அதே வருட டிசம்பரில் பின்தொடர்ந்தது.

இந்த ஓட்டத்துக்கெல்லாம் காரணம் நஷ்ட வரம்பு. பிரீமியர் லீக்கில் மூன்று வருடத்துக்குச் சேர்த்து 10.5 கோடி வரை நஷ்டம் காட்டலாம் என்பது 2025-26 பருவம் வரைக்குமான விதி. அதிலும் 9 கோடியை உரிமையாளர் தன் கைப்பணமாகப் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் வரம்பு வெறும் 1.5 கோடி. அகாடமி, மகளிர் அணி, மைதானக் கட்டுமானம் ஆகியவற்றுக்கான செலவு இந்த வரம்பில் சேராது. வரம்பைத் தாண்டிய எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் லீக் அட்டவணையில் 10 புள்ளி வெட்டு. முறையீட்டில் அது 6 ஆனது. அடுத்த கணக்குக்காக மேலும் 2 போனது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வழக்கு இன்னும் பாடமானது. மூன்று வருடத்தில் இரண்டை இரண்டாம் பிரிவில் கழித்ததால் அவர்கள் வரம்பு 6.1 கோடிதான், 3.45 கோடி தாண்டிவிட்டார்கள். அகாடமி வீரர் பிரென்னன் ஜான்சனை விற்றுச் சரிக்கட்டுவது திட்டம். கணக்கு முடியும் தேதி ஜூன் 30. நல்ல விலைக்காகக் காத்திருந்து செப்டம்பர் 1ஆம் தேதி டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். விலை கூடக் கிடைத்தது, தேதி தவறிவிட்டது. 4 புள்ளி போனது. ஜூன் கடைசி வாரத்தில் ஒரு கிளப் அவசரமாக இளம் வீரர்களை விற்றால் காரணம் எங்கே இருக்கிறது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

2026-27 பருவத்திலிருந்து இதற்குப் பதிலாக, அணிக்கான செலவு (சம்பளம், டிரான்ஸ்ஃபர் தவணை, ஏஜென்ட் கட்டணம்) வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதிக்கு 2025 நவம்பரில் கிளப்கள் வாக்களித்தன. ஐரோப்பியப் போட்டியில் ஆடும் கிளப்களுக்கு யூயெஃபா வைத்திருக்கும் வரம்பு 70 சதவீதம். நஷ்டத்தைவிடச் செலவை அளப்பது மேல் என்பது எங்கள் கருத்து. ஆனாலும் வீரர் விற்பனை லாபம் இதிலும் கணக்கில் சேரும். ஊர்ப் பையனே எளிதில் விற்கக்கூடிய சரக்கு என்ற குறை இதிலும் முழுதாகத் தீரவில்லை.

கேள்வி: கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் கிளப்புக்கும் 10 கோடி பவுண்டு டிவி பணம் என்கிறார்களே, உண்மையா? அவ்வளவு வாங்கியும் இறங்கியதும் ஏன் தடுமாறுகிறார்கள்? (கோவை வாசகர்)

பதில்: உண்மை. 2023-24இல் கடைசி இடம் பிடித்த ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு லீக்கிலிருந்து சுமார் 11 கோடி. பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டிக்கு சுமார் 17.6 கோடி. உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி 20 கிளப்புக்கும் சமம். கால் பங்கு முடித்த இடத்தைப் பொறுத்தது. மீதிக் கால், எத்தனை ஆட்டம் நேரலையில் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. அதிகம் வாங்குபவருக்கும் குறைவாக வாங்குபவருக்கும் இடைவெளி 1.8 மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் வைத்திருக்கிறார்கள்.

இறங்கியவர்களுக்கு மூன்று வருடம் உதவித்தொகை உண்டு: சமப் பங்கில் முதல் வருடம் 55, அடுத்து 45, மூன்றாவது 20 சதவீதம். ஏறிய ஒரே வருடத்தில் இறங்கியிருந்தால் மூன்றாம் வருடத் தவணை கிடையாது. தடுமாற்றம் சம்பளத்தில் தொடங்குகிறது. ஒழுங்காக நடக்கும் கிளப்பில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் “இறங்கினால் சம்பளம் இவ்வளவு குறையும்” என்று எழுதியிருக்கும். அவசரத்தில் ஆள் எடுக்கும்போது நல்ல ஏஜென்ட் அந்த வரியை அடிக்கச் சொல்வார், கிளப்பும் அடித்துவிடும். பிறகு முதல் பிரிவுச் சம்பளத்தை இரண்டாம் பிரிவு வருமானத்தில் கொடுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு ஆளை வாங்கவும் வேறு கிளப் வராது.

லீட்ஸ் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 2001இல் வருங்கால டிக்கெட் வசூலை ஈடு வைத்து 6 கோடி கடன் வாங்கினார்கள். ஐரோப்பியக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் தொடர்ந்து தகுதி பெறுவோம் என்ற நம்பிக்கை. விளையாத நெல்லுக்கு முன்பணம் வாங்கிய கதைதான். தகுதி பெறவில்லை. வீரர்களை ஒவ்வொருவராக விற்றும் 2004இல் இறங்கினார்கள், 2007இல் நொடித்துத் திவால் நிர்வாகியின் கைக்குப் போனார்கள். முதல் பிரிவுக்குத் திரும்ப 2020 ஆனது.

கேள்வி: டிவியில் இவ்வளவு பணம் கொட்டும்போது டிக்கெட் விலையை ஏன் ஏற்றுகிறார்கள்? ரசிகர்கள் எதிர்த்து எப்போதாவது ஜெயித்ததுண்டா? (திருச்சி வாசகர்)

பதில்: பிரீமியர் லீக் கிளப்களின் மொத்த வருமானத்தில் மைதான வசூல் ஏழில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் டிவி பணம் லீக் பேசி முடிப்பது. ஒரு கிளப் நினைத்தாலும் கூட்ட முடியாது. விளம்பர ஒப்பந்தங்கள் சில வருடங்களுக்கு முன்பே கையெழுத்தானவை. இந்த வருடமே வருமானத்தைக் கூட்ட கிளப்பின் கையில் இருப்பது டிக்கெட் விலைதான். அதிலும் லாபம் சாதாரண இருக்கையில் இல்லை. உணவு, ஓய்வறையோடு நிறுவனங்களுக்கு விற்கும் இருக்கைகளில் இருக்கிறது. ஆகவே விலையேற்றத்தோடு சேர்த்து, பழைய சீசன் டிக்கெட்காரர்களை நல்ல இடத்திலிருந்து எழுப்பி வேறு மூலைக்கு மாற்றும் வேலையும் நடக்கும். வெளியில் அதிகம் பேசப்படாத சங்கடம் இது.

ஜெயித்தது உண்டு. 2016 பிப்ரவரி 6, லிவர்பூல் – சண்டர்லாண்ட் ஆட்டம். அடுத்த பருவம் மிக விலை கூடிய டிக்கெட் 77 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையைப் பழைய 59 பவுண்டிலேயே இரண்டு பருவத்துக்கு நிறுத்தினார்கள். இதைவிடப் பெரிய வெற்றி என்று நாங்கள் நினைப்பது வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 2016-17 முதல் வந்த 30 பவுண்டு வரம்பு. எல்லாக் கிளப் ரசிகர்களும் பகையை ஒதுக்கி ஒன்றாகப் பல வருடம் கேட்டு வாங்கியது. வெளியூர்க் கூட்டம் இல்லாத மைதானத்தில் சத்தம் பாதியாகும், டிவிக்கு விற்கும் பொருளே மங்கும் என்ற வாதம் லீக்கின் மனதில் ஏறியது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது: கோரிக்கை ஒன்றே ஒன்று, அதில் ஒரு எண் இருந்தது. “விலையைக் குறை” என்ற பொதுக் கூச்சலுக்கு நிர்வாகம் “பரிசீலிக்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

கேள்வி: வீரரை வாங்க முடிவெடுப்பது மேனேஜரா, டைரக்டரா? வீரர் மாற்றக் காலத்தின் கடைசி நாளில் ஏன் இவ்வளவு குழப்பம்? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசன் காலத்தில் மேனேஜரே எல்லாம். இப்போது பெரும்பாலான கிளப்களில் ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்ற பதவி அணியைக் கட்டுகிறது. பயிற்சியாளர் அதை ஆடவைக்கிறார். பயிற்சியாளரின் சராசரி ஆயுள் குறைந்துபோனதுதான் காரணம். ஒருவர் தன் பாணிக்கு 5 வருட ஒப்பந்தத்தில் நான்கு பேரை வாங்கிவிட்டு எட்டாம் மாதம் போய்விட்டால், அந்த நால்வரின் சம்பளம் மட்டும் கிளப்போடு தங்கும்.

நன்றாக நடக்கும் இடத்தில் வேலை இந்த வரிசையில் போகிறது. ஒவ்வொரு ஆட்ட நிலைக்கும் என்ன வேலை என்று எழுதிவைப்பார்கள். புள்ளிவிவரத்தை வைத்துச் சில நூறு பெயர்களைச் சலித்து, வீடியோ பார்த்து இருபது முப்பதாகக் குறைப்பார்கள். பிறகு ஆள் தேடும் ஸ்கவுட்கள் நேரில் போய், பந்து காலில் இல்லாதபோது அந்த வீரர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள். அவருடைய பழக்கவழக்கம், காயங்கள், குடும்பம் இடம்பெயரச் சம்மதிக்குமா என்ற விசாரணை அடுத்தது. அதன்பின் ஒரு உச்ச விலை குறிக்கப்படும். அதைத் தாண்டினால் பட்டியலில் அடுத்தவர். பிரைட்டன் இதில் தேர்ந்த கிளப். ஈக்வடாரிலிருந்து மொய்செஸ் கைசெடோவை 2021இல் சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு எடுத்து, 2023இல் செல்சிக்கு 10 கோடிக்கு விற்றது. நிபந்தனைகள் நிறைவேறினால் 11.5 கோடி. விற்கும் முன்பே அந்த இடத்துக்கு ஆள் பார்த்துவைத்திருப்பது அவர்கள் வழக்கம். பணம் வந்த பிறகு தேடினால் கையில் பணம் இருப்பது ஊருக்கே தெரியும், விலை ஏறும்.

கெடுவது பெரும்பாலும் உச்ச விலையில்தான். ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து உரிமையாளர் நேரடியாக ஏஜென்டிடம் பேசத் தொடங்கினால் மேலே சொன்ன வரிசை முழுவதும் வீண். 2023 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரை ஒரே வருடத்தில் பிரீமியர் லீக் கிளப்கள் ஏஜென்ட்களுக்குக் கொடுத்தது 40 கோடி பவுண்டுக்கு மேல். அதிகாரம் யாரிடம் என்று தீராத இடத்திலும் பணம் கரையும். மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் மேனேஜர் எரிக் டென் ஹாகின் ஒப்பந்தத்தை நீட்டியது, அக்டோபரில் அனுப்பிவிட்டது. அவருக்கும் உதவியாளர்களுக்கும் இழப்பீடு சுமார் 1.04 கோடி பவுண்டு. அதே ஜூலையில் வந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வர்த்தும் டிசம்பரில் போய்விட்டார்.

கடைசி நாள் குழப்பம் சங்கிலியால் வருகிறது. அ கிளப்பின் முன்கள வீரர் போனால்தான் அங்கே ஆ கிளப்பின் ஆள் வருவார். ஆ-வுக்கு மாற்று வந்தால்தான் அவரை விடுவார்கள். மருத்துவச் சோதனையில் இதயம், முழங்கால், கணுக்கால் ஸ்கேன் என்று பல மணி நேரம் போகும். நேரம் முடியும் தறுவாயில் பேரம் முடிந்ததற்கான ஒப்புகைத் தாளை அனுப்பினால், மீதி ஆவணங்களுக்கு பிரீமியர் லீக் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தரும். நாடு விட்டு நாடு மாற்றத்துக்கு ஃபிஃபாவின் கணினிப் பதிவு முடிந்தாக வேண்டும். அங்கே இரக்கம் கிடையாது. 2017 ஆகஸ்ட் 31 அன்று ஆட்ரியன் சில்வாவைப் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து லெஸ்டர் வாங்கியது. பதிவு 14 விநாடி தாமதம். அவர் ஆட முடிந்தது அடுத்த ஜனவரியில்தான்.

கேள்வி: ஜெர்மனியில் கிளப் ரசிகர்களுக்கே சொந்தம் என்கிறார்கள். அப்படியானால் அங்கே எல்லாம் நன்றாக நடக்கிறதா? (ஈரோடு வாசகர்)

பதில்: “50+1” என்ற விதி 1998இல் வந்தது. கிளப்கள் கால்பந்துப் பிரிவை நிறுவனமாக்கி வெளிப்பணம் வாங்கலாம். ஆனால் வாக்குரிமையில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். பங்கை யாரும் வாங்கலாம், முடிவெடுக்கும் உரிமையை வாங்க முடியாது. பயர்ன் மியூனிக்கில் 75 சதவீதம் சங்கத்துடையது. மீதியை அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் சமமாக வைத்திருக்கின்றன. லெவர்குசனும் வோல்ஃப்ஸ்பர்க்கும் ஒரு நிறுவனத்தின் ஆலையோடு வளர்ந்த பழைய கிளப்கள் என்பதால் விலக்குப் பெற்றவை. லைப்சிக் விதியின் எழுத்தை மட்டும் காப்பாற்றுகிறது: அங்கே சங்கம் உண்டு, வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. மற்றக் கிளப் ரசிகர்கள் இன்னும் மன்னிக்காத விஷயம் அது.

பலன் கண்கூடு. நின்று பார்க்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் நிற்கலாம். பயர்னில் நின்று பார்க்கும் சீசன் டிக்கெட் 200 யூரோவுக்கும் குறைவாகவே இருந்துவந்திருக்கிறது.

அந்த உரிமைக்குப் பல் உண்டு என்பதை 2024 பிப்ரவரியில் பார்த்தோம். லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதத்தை 20 வருடத்துக்கு முதலீட்டாளருக்குக் கொடுத்துச் சுமார் 100 கோடி யூரோ வாங்குவது திட்டம். 36 கிளப்பில் 24 வாக்கு தேவை. சரியாக 24 விழுந்தது. ஹனோவர் கிளப்பின் உறுப்பினர் சங்கம் எதிர்த்து வாக்களிக்கச் சொல்லியிருந்தது. அதன் நிர்வாகி ரகசிய வாக்கில் ஆதரித்துவிட்டார் என்ற சந்தேகம் கிளம்பியது. வாராவாரம் மைதானங்களில் டென்னிஸ் பந்துகள் மழையாகப் பொழிந்தன. ஆட்டங்கள் நிமிடக் கணக்கில் நின்றன. பிப்ரவரி 21ஆம் தேதி லீக் திட்டத்தைக் கைவிட்டது.

எல்லாம் நன்றாக நடக்கிறதா என்றால், இல்லை. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டம் பயர்னுக்கே. 50+1 யார் ஜெயிப்பது என்பதைச் சமன் செய்யாது. கிளப்பை யாரும் ஊரிடமிருந்து தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளும். டார்ட்மண்ட் உறுப்பினர் ஓட்டு இருந்தும் 2005இல் திவால் விளிம்புக்குப் போனது. கெட்ட கணக்கை ஓட்டு தடுப்பதில்லை.

கேள்வி: ரசிகர்கள் சேர்ந்து ஒரு கிளப்பை வாங்கி நடத்த முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: முடியும், இங்கிலாந்தில் பல வருடமாக நடக்கிறது. எக்ஸட்டர் சிட்டி 2003 முதல் ரசிகர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002 மே மாதம் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாகத் தொடங்கினார்கள். விம்பிள்டன் பொதுத்திடலில் ஆள் தேர்வு நடத்தி, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி, 2011இல் தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள். 2020 நவம்பரில், பழைய கிளப்பின் மைதானம் இருந்த பிளவ் லேன் பகுதியிலேயே புது மைதானம். செலவில் ஒரு பகுதியை ரசிகர்களிடமே கடன்பத்திரம் விற்றுத் திரட்டினார்கள்.

வழிமுறை இதுதான். முதலில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற சமூகநலச் சங்கமாகப் பதிவு செய்வார்கள். எவ்வளவு பணம் போட்டாலும் ஓட்டு ஒன்றுதான். மாதிரி விதிமுறைகளைக் கால்பந்து ரசிகர் சங்கம் தருகிறது. அடுத்து மைதானத்தைச் சமூகச் சொத்துப் பட்டியலில் சேர்க்க உள்ளூர் மன்றத்துக்கு விண்ணப்பம். 2011 சட்டம் தந்த வசதி இது: பட்டியலில் உள்ள இடத்தை உரிமையாளர் விற்க முனைந்தால், ஆறு வாரத்துக்குள் ரசிகர்கள் விருப்பம் தெரிவிக்கலாம், தெரிவித்தால் பணம் திரட்ட மொத்தம் ஆறு மாத அவகாசம். மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டே 2013இல் இப்படிப் பட்டியலில் ஏறியது. ஆனால் ரசிகர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் இரண்டு முறை நொடித்த கிளப்பை 2013இல், ஆளுக்கு 1,000 பவுண்டு பங்கு போட்டு வாங்கி, கடனை அடைத்து, மேலே ஏற்றினார்கள். 2017இல் டோர்னான்டே நிறுவனத்துக்கு விற்க அவர்களே வாக்களித்தார்கள். மைதானத்தைச் செப்பனிடும் பணம் அவர்களிடம் இல்லை. ரசிகர் உரிமை இடறும் இடம் அன்றாட நிர்வாகத்தில் இல்லை; இப்படி ஒரே தடவையில் தேவைப்படும் பெரிய முதலீட்டில்தான். விம்பிள்டன் போலக் கடன்பத்திரம், அல்லது சிறுபான்மைப் பங்கை மட்டும் விற்பது என்று முன்கூட்டியே வழி வைத்திருப்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

கேள்வி: கிளப்பின் பெயர், நிறம், சின்னம் இவற்றை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றலாமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: இனி முடியாது. கார்டிஃப் சிட்டியின் நீல நிறத்தை 2012இல் உரிமையாளர் சிவப்பாக்கினார். 2015 ஜனவரியில்தான் நீலம் திரும்பியது. ஹல் சிட்டியை “ஹல் டைகர்ஸ்” ஆக்கும் விண்ணப்பத்தை 2014இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நிராகரித்தது. 2019இல் பெரி கிளப் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டதும், 2021 ஏப்ரலில் ஆறு பெரிய கிளப்கள், ஐரோப்பியப் பெரிய கிளப்கள் தங்களுக்கென்று தொடங்கவிருந்த தனிப் போட்டியான சூப்பர் லீக்குக்கு ஓட முயன்று சில நாளில் ரசிகர் எதிர்ப்பில் திரும்பியதும் அரசைத் தட்டி எழுப்பின. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி மேல் ஐந்து பிரிவுக் கிளப்களும் சுதந்திர ஒழுங்குமுறை அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். சின்னம், முதன்மை நிறம் போன்றவற்றுக்கு ரசிகர் ஆதரவு தேவை. மைதானத்தை விற்கவும் ஈடு வைக்கவும் அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அனுமதியில்லாத போட்டிகளில் சேர முடியாது. டிக்கெட் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் மட்டும் அமைப்புக்கு இல்லை. அதில் ரசிகர்களைக் கலந்து பேசச் சொல்லலாம், அவ்வளவே.

கேள்வி: நான் ஆதரிக்கும் ஆங்கிலக் கிளப் நல்ல நிலையில் இருக்கிறதா என்று நானே தெரிந்துகொள்ள வழி உண்டா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: உண்டு, காசே வேண்டாம். பிரிட்டன் நிறுவனப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் கிளப்பின் பெயரைப் போட்டால் வருடக் கணக்கு கிடைக்கும். ஒரே கிளப்புக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் இருக்கும். ஒட்டுமொத்தக் குழுமக் கணக்கைத் தேடி எடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மொத்தச் சம்பளத்தை மொத்த வருமானத்தால் வகுத்தால் வரும் விகிதம். டிரான்ஸ்ஃபர் செய்திகளைவிட இந்த ஒரு எண் அதிகம் சொல்லும். 60 சதவீதத்துக்கு அருகில் இருந்தால் நிம்மதி. 80ஐத் தாண்டினால் வருடாவருடம் யாரையாவது விற்றே ஆக வேண்டும். இரண்டாம் பிரிவில் 100ஐத் தாண்டிய கிளப்கள் சர்வசாதாரணம். அங்கே உரிமையாளர் கை ஓய்ந்தால் மறுமாதம் சம்பளம் நிற்கும்.

அடுத்தது, தணிக்கையாளர் குறிப்பில் கிளப் தொடர்ந்து இயங்குமா என்பது பற்றிய பத்தி. உரிமையாளர் ஒரு வருடத்துக்குப் பணம் தருவதாகக் கடிதம் கொடுத்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார்கள். கடிதம் இல்லை, “குறிப்பிடத்தக்க ஐயம்” என்ற சொல் இருக்கிறது என்றால் கவலைப்படுங்கள். மூன்றாவது, கடன் யாருக்கு, எவ்வளவு வட்டி. உரிமையாளரின் வட்டியில்லாக் கடன் ஒரு ரகம். வருங்கால டிவி பணத்தை ஈடு வைத்து வெளியில் வாங்கியது வேறு ரகம். ஈடு வைத்த விவரம் அதே தளத்தில் தனிப் பட்டியலாக இருக்கும். 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் கணக்கு வெளிவரும் முன்பே இது தெரிந்துவிடும்.

நான்காவது, உறவு நிறுவனங்களோடான கொடுக்கல் வாங்கல். செல்சி இரண்டு ஹோட்டல்களைத் தன் குழும நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்று லாபம் காட்டியது இந்தப் பகுதியில்தான் வெளிப்பட்டது. பிரீமியர் லீக் ஏற்றது. யூயெஃபா ஏற்கவில்லை. 2025 ஜூலையில், நஷ்ட வரம்பையும் அணிச் செலவு வரம்பையும் தாண்டியதற்காகச் செல்சிக்கு மொத்தம் 3.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. கடைசியாகத் தேதி: தனியார் நிறுவனம் கணக்காண்டு முடிந்து 9 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால், அல்லது கணக்காண்டின் முடிவுத் தேதியையே மாற்றினால், காரணம் கேட்டுக் கடிதம் எழுதும் உரிமை ரசிகர் சங்கத்துக்கு உண்டு. பல கிளப்களில் இப்போது நடக்கும் ரசிகர் குழுக் கூட்டத்தில் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர் கிளப்பில் வளரும் பையன் நாளை ஐரோப்பாவுக்குப் போனால் எங்களுக்கு ஏதாவது வருமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: வரும், பதிவு சரியாக இருந்தால். நாடு விட்டு நாடு விற்கப்படும்போதெல்லாம் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு பருவத்துக்கும் தொகையில் 0.25 சதவீதம்; 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 0.5 சதவீதம். 12 முதல் 15 வரை நான்கு பருவம் உங்களிடம் இருந்தவர் பின்னாளில் 1 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டால் உங்கள் பங்கு 1 லட்சம் யூரோ. அவர் மறுபடி வேறு நாட்டுக்கு விற்கப்பட்டால் மறுபடி பங்கு உண்டு.

பெரும்பாலான சிறு கிளப்கள் இதை இழப்பது ஆவணம் இல்லாததால். போட்டிக்குப் பெயர் கொடுத்த பட்டியல் போதாது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பருவமும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதியோடு வீரர் உங்கள் கிளப் பெயரில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் வந்தால் இரண்டு ஆளாகிவிடும். இப்போது பணம் ஃபிஃபாவின் தீர்வகம் (கிளியரிங் ஹவுஸ்) வழியாக வருகிறது. கிளப்பின் பதிவுச் சான்றிதழையும் கிளப் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கையும் கேட்பார்கள். செயலாளரின் சொந்தக் கணக்கில் வரவு செலவு நடத்தும் கிளப்கள் அதை இந்தப் பருவத்திலேயே மாற்றிக்கொள்வது நல்லது.